எல்லைக்கோட்டில் ஒரு மைதானம்

சிற்றூர் ஆடுகளங்கள் – 9

சென்ற வாரம் வில்லியம்சனில் நிறுத்தியிருந்தோம். 1938-ல் ஸ்டான் மியூசியல் என்ற பதினேழு வயதுப் பையன் மாதம் 65 டாலர் சம்பளத்துக்குப் பந்து வீச வந்து சேர்ந்த ஊர் அது. பின்னாளில் அமெரிக்க பேஸ்பாலின் தலைசிறந்த மட்டையாளர்களில் ஒருவரான மியூசியல் தொழில்முறை ஆட்டத்தைத் தொடங்கிய மவுன்டன் ஸ்டேட் லீக் 1942-ல் போர்க்காலத்தில் மூடப்பட்டது. அந்த லீகில் வில்லியம்சனோடு மோதிய ஊர்களில் ஒன்று ப்ளூஃபீல்ட். மேற்கு வர்ஜீனியாவின் தென்கோடியில் மலைமேல் இருக்கும் அந்த ஊரில் மட்டும் தொழில்முறை பேஸ்பால், நடுவில் சில இடைவெளிகளோடு, 2020 வரை நீடித்தது. சுற்றிலும் ஒவ்வோர் ஊராக விளக்கணைந்தபோது இங்கே மட்டும் எப்படி எரிந்தது, கடைசியில் அதை அணைத்தது யார் என்பதே இந்த வாரக் கதை.

ஊரை முதலில் பார்த்துவிடலாம். 1883-ல் பக்கத்துப் போகஹான்டஸ் சுரங்கத்திலிருந்து முதல் நிலக்கரி வண்டி கிழக்குக் கடற்கரையின் நார்ஃபோக் துறைமுகத்துக்குப் புறப்பட்டது. புகை அதிகம் வராத, சூடு அதிகம் தரும் உயர்ரக நிலக்கரி. அமெரிக்கக் கடற்படைக் கப்பல்கள் அதை விரும்பி வாங்கின. அதைக் கொண்டுசெல்ல நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வே மலை முகட்டில் ஒரு பெரிய யார்டு அமைத்தது. யார்டைச் சுற்றிக் கடைகள், கடைகளைச் சுற்றி வங்கிகள், வழக்கறிஞர் அலுவலகங்கள் என்று பெருகி, 1889-ல் ப்ளூஃபீல்ட் முறைப்படி நகரமானது. சுரங்கம் தோண்டியவர்கள் பள்ளத்தாக்குகளில் இருந்தார்கள். சுரங்க முதலாளிகளும் ரயில்வே அதிகாரிகளும் இங்கே மேட்டில் வீடு கட்டினார்கள். 1928-ல் இந்த ஊரில்தான் ஜான் நாஷ் பிறந்தார். கணித மேதையாகிப் பொருளாதாரத்துக்கு நோபல் பரிசு வாங்கிய அதே நாஷ்.

உயரத்தில் இருப்பதால் கோடையிலும் இதமான காற்று. 1930-களின் இறுதியில் உள்ளூர் வணிகர் சங்கம் ஒரு வாக்குறுதி கொடுத்தது: வெப்பம் 90 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் ஊரில் எல்லோருக்கும் எலுமிச்சைச் சாறு இலவசம். நம் கணக்கில் அது 32 டிகிரி செல்சியஸ். மதுரையிலோ வேலூரிலோ இப்படி ஒரு வாக்குறுதி கொடுத்தால் வணிகர் சங்கம் ஒரே மாதத்தில் கடையைக் கட்ட வேண்டியதுதான். ப்ளூஃபீல்டில் பல ஆண்டுகள் ஒரு நாள்கூட அந்தச் சாறு பிழியப்படாமலே கோடை கழியும்.

இன்னொரு விசேஷம், இங்கே ஊர்கள் இரண்டு. மாநில எல்லைக்கு அந்தப் பக்கம், வர்ஜீனியாவில், கிரஹாம் என்று ஒரு சிற்றூர் இருந்தது. 1924-ல் அது தன் பெயரையும் ப்ளூஃபீல்ட் என்று மாற்றிக்கொண்டது. அதைக் கொண்டாட எல்லைக்கோட்டின் மேலேயே ஒரு ஜோடிக்குக் கல்யாணம் நடத்தினார்கள். இந்த எல்லைக்கோடு நம் கதைக்கு மிகவும் வேண்டியது.

நிலக்கரி வட்டாரத்தில் பேஸ்பால் என்பது லீகுகள் வருவதற்கு முன்பே இருந்தது. ஒவ்வொரு சுரங்கக் குடியிருப்பிலும் கம்பெனி அணி ஒன்று இருக்கும். நன்றாகப் பந்து வீசத் தெரிந்தவனுக்குச் சுரங்கத்துக்கு வெளியே, வெயில் படும் இடத்தில், இலகுவான வேலை கிடைக்கும். ஞாயிறு மதியம் பக்கத்துப் பள்ளத்தாக்கின் அணியோடு ஆட்டம். சுரங்கத்தில் ஒரே ஷிப்டில் தோளோடு தோள் நின்று நிலக்கரி வெட்டிய வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஆட்டம் என்று வந்தால் தனித்தனி அணி. கறுப்பின அணிகளில் அருமையான ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். ஆனால் 1946-ல் ஜாக்கி ராபின்சன் மான்ட்ரியல் அணியில் காலடி வைக்கும்வரை மைனர் லீகின் கதவு அவர்களுக்குச் சாத்தியே இருந்தது. ப்ளூஃபீல்டின் கதையை அன்பாகச் சொல்லும் எவரும் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1937-ல் மவுன்டன் ஸ்டேட் லீக் தொடங்கியது. ப்ளூஃபீல்டின் அணிக்கு ப்ளூ-கிரேஸ் என்று பெயர். இரண்டு ஆண்டுகளில் ஊருக்கு ஒரு நிலையான மைதானமும் கிடைத்தது. உள்ளூர் நிலக்கரி அதிபர் ஜோ போவனின் பெயரால் 1939-ல் போவன் ஃபீல்ட் திறக்கப்பட்டது. மைதானத்தை வைத்திருப்பது மேற்கு வர்ஜீனியாவின் ப்ளூஃபீல்ட் நகராட்சி; மைதானம் இருப்பதோ எல்லையைத் தாண்டி வர்ஜீனியா மண்ணில். ஒரு மாநிலத்து ஊரின் சொந்த அணி, தன் சொந்த மைதானத்தில், இன்னொரு மாநிலத்தில் நின்று ஆடியது. வெளிவேலிக்கு அப்பால் மரங்கள் அடர்ந்த மலைச்சரிவு. ஹோம் ரன் அடித்தால் பந்து காட்டுக்குள் போகும். 1970-களில் பழைய மர இருக்கைகள் தீயில் எரிந்துபோக, மீண்டும் கட்டினார்கள்.

இனி, மைனர் லீக் என்ற அமைப்பு எப்படி இயங்கியது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். அது புரியாவிட்டால் பின்னால் வருவது எதுவும் புரியாது.

இந்தத் தொடரின் முதல் வாரத்தில் பார்த்தோம்: 1901-ல் சிகாகோவில் சிறு லீகுகள் கூடித் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்துக்கொண்டன. அப்போது ஒவ்வோர் ஊர் அணியும் தனிக்கடை. நல்ல வீரனை வளர்த்துப் பெரிய லீகுக்கு விற்றால் வந்த பணம் ஊருக்கு. 1920-களில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் பிராஞ்ச் ரிக்கி இதைத் தலைகீழாக்கினார். பணக்கார அணிகளோடு போட்டியிட்டு வீரர்களை வாங்கத் தன்னிடம் காசில்லை என்பதால், சிற்றூர் அணிகளையே வாங்கிப் போட்டு, அவற்றை நாற்றங்கால்களாக மாற்றினார். நூற்றுக்கணக்கில் பையன்களை ஒப்பந்தம் செய்து, கீழ்மட்டத்தில் நட்டு, தேறியவர்களை மட்டும் பிடுங்கி மேலே கொண்டுபோவது. மற்ற பெரிய அணிகளும் அதையே பின்பற்றின. மட்டங்களுக்கு எழுத்துகள் வைத்தார்கள். ‘டி’ வகுப்புதான் கடைசிப் படி. ப்ளூஃபீல்டும் வில்லியம்சனும் அந்தப் படியில் இருந்தன.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பையனுக்கு வேறு அணியைத் தேடிப் போகும் உரிமை கிடையாது. ‘ரிசர்வ் கிளாஸ்’ என்ற விதி அவனை அந்த அணியோடு கட்டிப்போட்டது. இது ஏகபோகம் இல்லையா என்று வழக்குகள் போயின. 1922-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பேஸ்பால் மாநிலங்களுக்கிடையேயான வணிகம் அல்ல, ஏகபோகத் தடுப்புச் சட்டம் அதைத் தொடாது என்றது. நியூயார்க் யாங்கீஸின் மைனர் லீக் பந்துவீச்சாளர் ஜார்ஜ் டூல்சன், தன்னை இஷ்டத்துக்குக் கீழே அனுப்புவதை எதிர்த்துப் போட்ட வழக்கிலும் 1953-ல் அதே தீர்ப்புத்தான். எந்த ஊரில் அணி இருக்கும், யார் அங்கே ஆடுவார், எவ்வளவு சம்பளம் என்ற மூன்றையும் முடிவு செய்யும் அதிகாரம் முப்பதுக்கும் குறைவான முதலாளிகள் கையில் இப்படித்தான் சட்டப்படியே போய்ச் சேர்ந்தது. என் பார்வையில் ப்ளூஃபீல்டின் 2020-ஆம் ஆண்டு முடிவு அன்றைக்கே எழுதப்பட்டுவிட்டது.

போர் முடிந்ததும் 1946-ல் ப்ளூஃபீல்ட் அப்பலேச்சியன் லீகில் சேர்ந்தது. 1911-ல் பிறந்து, இருமுறை மூடி, 1937-ல் மறுபடி எழுந்த லீக் அது. டென்னஸி, வர்ஜீனியா, மேற்கு வர்ஜீனியா என்று மலைத்தொடரின் இருபுறமும் அதன் ஊர்கள். போரிலிருந்து திரும்பிய இளைஞர்கள் கையில் காசு இருந்தது. மாலையில் போக வேறு இடமில்லை. 1949-ல் அமெரிக்கா முழுக்க 59 மைனர் லீகுகள், ஏறக்குறைய 450 அணிகள். அந்த ஒரே ஆண்டில் நுழைவுச்சீட்டு வாங்கியவர்கள் 4 கோடிக்குச் சற்றே குறைவு. அதற்குமுன் அப்படி ஒரு கூட்டம் வந்ததில்லை.

ஐந்தே ஆண்டுகளில் எல்லாம் இறங்கியது. தொலைக்காட்சி வந்து பெரிய லீக் ஆட்டங்களை வீட்டுக்கூடத்துக்கே கொண்டுவந்தது என்பார்கள். அது உண்மைதான். நிலக்கரி ஊர்களில் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. சுரங்கத்துக்குள் இயந்திரம் இறங்கியது. மேற்கு வர்ஜீனியாவில் 1950 வாக்கில் ஒரு லட்சத்துக்கும் மேல் சுரங்கத் தொழிலாளர்கள் இருந்தார்கள். அடுத்த பத்தாண்டில் பாதிக்கும் கீழே வந்துவிட்டார்கள். ப்ளூஃபீல்டை அடுத்த மெக்டவல் மாவட்டத்தில் 1950-ல் ஒரு லட்சத்தைத் தொடும் மக்கள்தொகை. 2020-ல் சுமார் 19 ஆயிரம். குடும்பங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஒஹையோவுக்கும் மிச்சிகனுக்கும் கார்த் தொழிற்சாலை வேலைக்குப் போயின. 1960-ல் நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் தன் நீராவி இன்ஜின்களையும் ஓய்வுபெறச் செய்தது. யார்டில் ஆள்தேவை குறைந்தது. ப்ளூஃபீல்ட் நகரமே 1950-ல் 21 ஆயிரத்துச் சொச்சம் பேராக இருந்து, இன்று பத்தாயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது. மைதானத்துக்கு வர ஆள் இருந்தால்தானே ஆட்டம்? 1955-ல் அப்பலேச்சியன் லீக் மூடியது. 1956 கோடையில் போவன் ஃபீல்ட் காலியாகக் கிடந்தது.

1957-ல் லீக் திரும்ப வந்தது, உருமாறி. பள்ளி முடித்த பையன்களை ஜூன் மாதம் ஒப்பந்தம் செய்து நேரே அனுப்பும் இரண்டு மாதக் குறும்பருவம். ப்ளூஃபீல்டுக்கு அந்த ஆண்டு ப்ரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் ஆதரவு. கிங்ஸ்போர்ட்டுக்கு பால்டிமோர் ஓரியோல்ஸ். கிங்ஸ்போர்ட் அணியில்தான் ஸ்டீவ் டால்கோவ்ஸ்கி இருந்தார். அவர் அளவு வேகமாக எவரும் பந்து வீசியதில்லை என்று பார்த்தவர்கள் கடைசிவரை சத்தியம் செய்தார்கள். அந்த வேகம் எங்கே போகும் என்பது அவருக்கும் தெரியாது, மட்டையாளருக்கும் தெரியாது. அந்தப் பருவத்தில் 62 இன்னிங்ஸில் 121 பேரை மட்டையைச் சுழற்றியே வெளியேற வைத்தார். தாறுமாறாக வீசி 129 பேரை இலவசமாக முதல் பேஸுக்கு நடக்கவிட்டார். பருவத்தின் இறுதியில் ப்ளூஃபீல்டுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 24 பேரை வீழ்த்தினார். பெரிய லீகில் இன்றுவரை எவரும் ஒன்பது இன்னிங்ஸில் எட்டாத எண்ணிக்கை. அதே ஆட்டத்தில் பதினைந்துக்கும் மேற்பட்டோரை நடக்கவிட்டதால், ஆட்டம் ப்ளூஃபீல்டுக்கே 8-4 என்று போனது. டால்கோவ்ஸ்கி பெரிய லீகில் ஒரு ஆட்டம்கூட ஆடாமலே 1960-களில் ஓய்ந்து, குடியில் பல ஆண்டுகள் வீணாகி, 2020 ஏப்ரலில் கோவிட் நோயில் இறந்தார். சிற்றூர் மைதானங்களில் மட்டுமே வாழ்ந்த பெருமை அவருடையது.

மறு ஆண்டு, 1958-ல், ஓரியோல்ஸ் அணி ப்ளூஃபீல்டுக்கு மாறியது. அதன்பின் 2010 வரை, 53 பருவங்கள், அந்த உறவு அறுபடவில்லை. ஒரு பெரிய அணியும் ஒரு சிற்றூரும் இவ்வளவு நீண்ட காலம் விடாமல் சேர்ந்திருந்ததற்கு அப்போது வேறு உதாரணம் கிடையாது.

ஏற்பாடு எளிமையானது. 1960-களின் தொடக்கத்தில் நாடெங்கும் மைனர் லீகுகள் இருபதுக்குள் சுருங்கியிருந்தபோது, பெரிய அணிகள் புதிய ஒப்பந்தமுறை ஒன்றைக் கொண்டுவந்தன. வீரர்களுக்கும் பயிற்சியாளருக்கும் சம்பளம் பெரிய அணியின் பொறுப்பு. மைதானம், விளக்கு, புல், டிக்கெட், தின்பண்டக் கடை எல்லாம் ஊரின் பொறுப்பு. டிக்கெட்டிலும் ஹாட்டாகிலும் வரும் காசு ஊருக்கு. 1963-ல் ‘டி’ வகுப்பை எடுத்துவிட்டு அப்பலேச்சியன் லீகை ‘ரூக்கி’ லீக் ஆக்கினார்கள். முதன்முதலாகச் சம்பளத்துக்கு ஆடும் பையன்களுக்கான லீக் என்று பொருள்.

ஊர்க்காரர்கள் தங்கள் பங்கைத் தவறாமல் செய்தார்கள் என்பதுதான் அந்த 53 ஆண்டுகளின் ரகசியம். இதில் லாபம் எடுக்க வந்த முதலாளி யாருமில்லை. பகலில் வேறு வேலை பார்ப்பவர்களும் ஓய்வுபெற்றவர்களும் மாலையில் வந்து வாயிலில் நின்றார்கள், மழை வந்தால் தார்ப்பாய் இழுத்தார்கள், பொரித்த உருளைக்கிழங்கு விற்றார்கள். வீட்டை விட்டு முதன்முதலாக வெளியே வந்த பதினேழு, பதினெட்டு வயதுப் பையன்கள் இங்கே வந்து இறங்கும்போது, அவர்களுக்கு அறை பார்த்துக் கொடுப்பதும் சாப்பாடு போடுவதும் ஊர்க் குடும்பங்கள். ஒரு ஆட்டத்துக்குக் கூட்டம் ஆயிரத்தை எட்டினாலே பெரிது. அத்தனை பேருக்கும் அத்தனை பையன்களின் பெயரும் தெரியும்.

அந்தப் பையன்களில் சிலர் யார் என்று பாருங்கள். 1959-ல் பூக் பவல் வந்தார். பின்னால் 1970-ல் அமெரிக்கன் லீகின் மிக மதிப்புவாய்ந்த வீரர் விருது பெற்றவர். 1967-ல் டான் பேய்லரும் பாபி கிரிச்சும் ஒரே அணியில் ஆடினார்கள். பேய்லர் அந்த ஆண்டு லீகிலேயே அதிக பேட்டிங் சராசரி வைத்திருந்தார். அவர்களுக்கு மேனேஜர் ஜோ ஆல்டோபெல்லி. 1973-ல் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து எடி மரே என்ற பதினேழு வயதுப் பையன் வந்தார்; பெரிய லீகில் 504 ஹோம் ரன்களும் 3,255 வெற்றி அடிகளும் அவர் கணக்கில் சேர இருந்தன.

1978-ல் வந்தவர் கால் ரிப்கென். மேரிலாண்டின் அபர்டீன் பள்ளியில் படிப்பை முடித்த கையோடு, இரண்டாம் சுற்றில் 48-வது ஆளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அவருடைய அப்பா ஓரியோல்ஸ் அமைப்பிலேயே ஆண்டுக்கணக்கில் சிற்றூர் அணிகளை வழிநடத்தியவர். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கும் முதல் படி வழுக்கியது. 63 ஆட்டங்களில் சராசரி .264. ஹோம் ரன் ஒன்றுகூட இல்லை. ஷார்ட்ஸ்டாப் இடத்தில் நின்று முப்பதுக்கும் மேல் பிழைகள். பெரிய மைதானமாக இருந்திருந்தால் அந்தப் பிழைகளுக்குக் கூட்டம் கூச்சலிட்டிருக்கும், செய்தித்தாள் கிழித்திருக்கும். ப்ளூஃபீல்டில் அடுத்த நாளும் அதே இடத்தில் நிற்க வைத்தார்கள். அதற்குத்தான் அந்த மைதானமே இருந்தது. அந்தப் பையன் பின்னாளில் ஒரு நாள்கூட ஓய்வெடுக்காமல் தொடர்ச்சியாக 2,632 ஆட்டங்கள் ஆடினார். உடைக்கவே முடியாது என்று நம்பப்பட்ட லூ கெரிக்கின் 2,130 ஆட்டச் சாதனையை 1995 செப்டம்பர் 6 அன்று அவர் தாண்டியபோது, ஆட்டத்தை இடையில் நிறுத்திவிட்டு மைதானமே எழுந்து நின்று கைதட்டியது.

1983 அக்டோபர் 16. வேர்ல்டு சீரிஸின் ஐந்தாவது ஆட்டம். ஓரியோல்ஸ் பிலடெல்பியாவை 5-0 என்று வென்று பட்டம் எடுத்தது. அன்று இரண்டு ஹோம் ரன் அடித்தவர் எடி மரே. கடைசிப் பந்தைப் பிடித்து ஆட்டத்தை முடித்தவர் ஷார்ட்ஸ்டாப் ரிப்கென். மேனேஜர் ஜோ ஆல்டோபெல்லி. மூவரும் போவன் ஃபீல்டில் தொடங்கியவர்கள், அல்லது அங்கே கற்றுக்கொடுத்தவர்கள். பால்டிமோர் அணி அதன்பின் இன்றுவரை பட்டம் வென்றதில்லை. அந்த இரவைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்களில் ப்ளூஃபீல்டின் பெயர் ஒரு வரிக்கு மேல் வருவதில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

பக்கத்து ஊரான பிரின்ஸ்டனைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அதே மெர்சர் மாவட்டம், சுமார் 20 கிலோமீட்டர் தூரம். 1988-ல் அவர்களும் லீகில் சேர்ந்தார்கள். 1999-ல் கார்ல் க்ராஃபோர்டும் ஜாஷ் ஹாமில்டனும் அங்கே ஒன்றாக ஆடினார்கள். இரண்டு ஊர்களும் மோதும் ஆட்டங்களுக்கு மெர்சர் கோப்பை என்று ஒரு கோப்பையே வைத்தார்கள். ஒரே மாவட்டத்தில், இவ்வளவு சிறிய இரண்டு ஊர்களுக்குத் தொழில்முறை அணிகள் இருந்தது எந்தக் கணக்குப்படியும் நியாயப்படுத்த முடியாதது. முப்பது ஆண்டுகள் அது நடந்தது.

பெரிய அணிகள் மனம் மாறத் தொடங்கியது 1990-ல். அந்த ஆண்டின் ஒப்பந்தத்தில் மைனர் லீக் மைதானங்களுக்குத் தரக்கட்டுப்பாடுகள் வந்தன: விளக்கின் பிரகாசம், உடைமாற்றும் அறையின் அளவு, இருக்கைகள் என்று நீண்ட பட்டியல். நாடெங்கும் நகராட்சிகள் வரிப்பணத்தில் புது மைதானங்கள் கட்டின. கட்ட முடியாதவர்கள் அணியை இழந்தார்கள். ரூக்கி லீக் ஊர்கள் ஒட்டுப்போட்டுச் சமாளித்தன. 2010 பருவத்தோடு ஓரியோல்ஸ் ப்ளூஃபீல்டை விட்டுப் போனது. ஊர் கலங்கியது, ஆனால் கோடை காலியாகவில்லை. டொரன்டோ ப்ளூ ஜேஸ் உடனே வந்தது. ஊரின் பெயரிலேயே ‘ப்ளூ’ இருந்தது வசதியாகப் போயிற்று. 2016-ல் விளாடிமிர் கெரேரோ ஜூனியர் இங்கேதான் தன் முதல் தொழில்முறை ஆட்டத்தை ஆடினார். அப்போது வயது பதினேழு. 2018-ல் மெக்சிகோவின் டிஹுவானாவிலிருந்து வந்த கட்டையான கேட்சர் அலெஹாந்த்ரோ கிர்க் பந்துகளைக் காட்டுக்குள் அனுப்பிக்கொண்டிருந்தார்.

2019 அக்டோபரில் செய்தி கசிந்தது. பழைய ஒப்பந்தம் 2020 செப்டம்பரில் முடிகிறது; அதைப் புதுப்பிக்கும்போது 42 அணிகளை வெட்டிவிட மேஜர் லீக் திட்டமிட்டிருக்கிறது. அப்பலேச்சியன் லீக் கிட்டத்தட்ட முழுவதுமாக அந்தப் பட்டியலில் இருந்தது. மைதானங்கள் தரமில்லை, பேருந்துப் பயணம் நீளம், இவ்வளவு வீரர்கள் தேவையில்லை, பயிற்சியைத் தங்கள் சொந்த வளாகங்களில் வைத்துக் கணினியும் கேமராவும் கொண்டு செய்துகொள்ளலாம் என்றார்கள். மேற்கு வர்ஜீனியாவின் காங்கிரஸ் உறுப்பினர் டேவிட் மெக்கின்லி உட்படச் சிலர் நாடாளுமன்றத்தில் மைனர் லீகைக் காக்க ஒரு குழு அமைத்தார்கள். 1922-ல் நீதிமன்றம் கொடுத்த விலக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதை நினைவூட்டினார்கள். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே கொரோனா வந்தது. 2020 ஜூன் 30-ல் அந்த ஆண்டின் மைனர் லீக் பருவம் முழுவதும் ரத்து. செப்டம்பர் 29-ல் அறிவிப்பு: அப்பலேச்சியன் லீக் இனித் தொழில்முறை லீக் இல்லை, கல்லூரியின் முதலிரண்டு ஆண்டு மாணவர்களுக்கான கோடைகால லீக். கடைசி ஆட்டம் என்று தெரியாமலே 2019-ன் கடைசி ஆட்டத்தை ஊர் பார்த்து முடித்திருந்தது.

மாநிலத் தலைநகர் சார்ல்ஸ்டனும் அதே ஆண்டு தன் அணியின் உறவை இழந்தது. நமக்கு அந்த அணி சற்று நெருக்கமானது. உத்தரப் பிரதேசத்தில் ஈட்டி எறிந்துகொண்டிருந்து, தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் வென்று பேஸ்பாலுக்குப் போன ரிங்கு சிங் – இன்றைய கிரிக்கெட் வீரர் வேறு – அங்கேதான் பந்து வீசினார். ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ படம் அவர் கதை.

வெட்டியதற்குப் பெரிய அணிகள் சொன்ன காரணங்களில் ஒன்றைத் தள்ளிவிட முடியாது. அது வீரர்களின் கூலி. ரூக்கி லீகில் ஆடிய பையனுக்கு 2020-க்கு முன் வாரச் சம்பளம் 290 டாலர், அதுவும் பருவம் நடக்கும் வாரங்களுக்கு மட்டும். குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இவர்களுக்குப் பொருந்தாதபடி 2018-ல் நாடாளுமன்றத்தில் ஒரு சட்டத்தையே நிறைவேற்றிக்கொண்டார்கள். ஊர்க் குடும்பங்கள் அறையும் சோறும் கொடுத்ததன் பின்னால் இதுவும் இருந்தது. பதினேழு வயதுப் பையன் பட்டினி கிடக்காமல் இருந்தது ப்ளூஃபீல்ட் மக்களின் நல்ல மனதால். அந்த நல்ல மனதின் மேல் கோடீஸ்வர அணிகள் பல பத்தாண்டுகள் சவாரி செய்தன. வீரர்கள் போட்ட கூலி வழக்கில் 2022-ல் 18.5 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்ய வேண்டி வந்தது. அதே ஆண்டு மைனர் லீக் வீரர்கள் சங்கத்தில் சேர்ந்தார்கள். 2023-ல் கீழ்மட்ட வீரனின் ஆண்டுச் சம்பளம் 4,800 டாலரிலிருந்து 19,800 டாலராக உயர்ந்தது. இது நியாயமான வெற்றி, மகிழ வேண்டியது. ஆனால் வீரனுக்குச் சரியான கூலி வேண்டுமென்றால் ஊரிடமிருந்து அணியைப் பறித்தாக வேண்டும் என்ற கணக்கை நான் ஏற்கவில்லை. ஆண்டுக்குப் பல நூறு கோடி டாலர் புழங்கும் தொழில் அது. பத்து மலை ஊர்களின் இரண்டு மாதக் கோடையை அதனால் தாங்கியிருக்க முடியும்.

2021-ல் போவன் ஃபீல்ட் மறுபடி திறந்தது. அணியின் புதுப் பெயர் ரிட்ஜ் ரன்னர்ஸ். கல்லூரிப் பையன்கள், சம்பளம் கிடையாது, ஐம்பது சொச்சம் ஆட்டங்கள். தங்க வைக்கக் குடும்பங்கள் இப்போதும் முன்வருகின்றன. ஆட்டம் நன்றாகவே இருக்கிறது. முன்பு இருந்த ஒன்று மட்டும் இல்லை: இங்கே ஆடும் பையன் அடுத்த ஆண்டு ஒரு படி மேலே, அதற்கடுத்த ஆண்டு இன்னொரு படி மேலே என்று, செய்தித்தாளின் சிறு எழுத்துப் புள்ளிவிவரங்களில் ஊர் அவனைத் தொடர்ந்துகொண்டே போகும் அந்த ஏணி.

பழைய ஏணியில் ஏறியவர்கள் இன்னும் மேலே இருக்கிறார்கள். 2025 நவம்பர் 1, டொரன்டோவில் வேர்ல்டு சீரிஸின் ஏழாவது ஆட்டம், பதினோராவது இன்னிங்ஸ், லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் 5-4 என்று முன்னிலை. ப்ளூ ஜேஸுக்கு ஒரு ஓட்டம் வந்தால் சமன். மூன்றாவது பேஸில் அந்த ஓட்டமாக நின்றவர் விளாடிமிர் கெரேரோ ஜூனியர். மட்டை பிடித்து நின்றவர் அலெஹாந்த்ரோ கிர்க். மட்டை உடைந்து பந்து ஷார்ட்ஸ்டாப்பிடம் உருண்டது, இருவர் ஒரே பந்தில் அவுட், பட்டம் டாட்ஜர்ஸுக்கு. அந்த இருவரின் பெயரும் ப்ளூஃபீல்டில் அன்றே தெரிந்திருந்தது, அவர்கள் வாரம் முந்நூறு டாலருக்கும் குறைவாக வாங்கிய நாளில்.

(தொடரும்)